அழுகண்ணிக்கு மழைத்தண்ணீர்

என் வீட்டுக்காரர் கொல்லிமலையில் போர்டு பள்ளிக்கூட வாத்தியார். வெள்ளைக்காரன் ஆண்ட காலம். மலைக்கு ரோடு கிடையாது. குண்டனி நாடு என்ற மலைப்பகுதியில் புல் வேய்ந்த வீடு ஒன்றில் இருந்தோம். முதல் பிள்ளையை அங்கேதான் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தேன். இரண்டாவது வயிற்றில் இருந்தது. அது பிறப்பதற்குள் அடிவாரத்துக்கு மாற்றல் வாங்கிவிட வேண்டும், எனக்கு வேறு நினைப்பே இல்லை.

மாற்றல் கொடுப்பது பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் கையில் இருந்தது. அவருக்குச் செடிகொடி என்றால் பைத்தியம். பூச்சி தின்னும் அழுகண்ணியைப் பற்றி என் வீட்டுக்காரர் எப்போதோ சொல்லப்போக, அடுத்த முறை வரும்போது உயிரோடு ஒன்றைக் காட்டச் சொல்லியிருந்தார். காசளவுச் சிவப்புச் செடி அது. இலை மயிரில் பசை துளித்துளியாக நிற்கும். கொசு ஒட்டினால் தீர்ந்தது. அவர் மனம் குளிர்ந்தால் மாற்றல் நிச்சயம் என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம். ஆனால் அவர் சொல்லிவிட்டு வருகிற ஆள் இல்லை. செடி முளைக்கும் ஈரப் புல்வெளியோ வெகுதூரம். வீட்டிலேயே வைத்துக் காப்பாற்ற வேண்டியதாயிற்று.

மண்ணோடு பெயர்த்துச் சட்டியில் வைத்தோம். கிணற்றுத் தண்ணீர் பட்டதும் கருகியது. எங்கள் கிணற்றில் உப்பு. சோற்றுப் பானைக்குள் வெள்ளை பூத்துக் கிடக்கும். தண்ணீரைச் சுத்தம் செய்துவிடலாம் என்று அம்மா கொடுத்த தேற்றான் கொட்டையைப் பானைக்குள் உரைத்தேன். தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்தது, மறுபடி பெயர்த்து வந்த செடியும் செத்தது. கலங்கல்தான் போகும், உப்பு போகாது என்று இவர் அப்புறம் விளக்கினார். முன்னாலேயே சொன்னால் வாய் வலிக்குமா? காய்ச்சி ஊற்றியும் பலனில்லை. ஆவியாக்கி வடித்த தண்ணீர் சேலத்து மருந்துக்கடையில் புட்டியில் கிடைக்கும் என்றார். வாத்தியார் சம்பளத்துக்கு அது கட்டுப்படியாகுமா? தலைச்சுமையாக மலையேற்றும் கூலி வேறு.

மழைத்தண்ணீர்தான் கதி. கூரையிலிருந்து வடிந்தது அடுப்புக் கரியோடு கறுப்பாக இறங்கியது. அதனால் எங்கள் ஊர்ப் பழக்கப்படி முற்றத்தில் நான்கு கம்பு நட்டு, வேட்டியை விரித்துக் கட்டி, நடுவில் கல்லைப் போட்டுக் கீழே குடம் வைத்தேன். இவர் வேட்டிக்கு நான் கஞ்சி போடாமல் இருந்ததே இல்லை. அவசரத்தில் அது மறந்துவிட்டது. குடத்தில் விழுந்தது நீராகாரம். அதை ஊற்றியதில் சட்டி முழுக்கப் பூஞ்சை.

"ஏம்புள்ள, செடிக்கும் கஞ்சி காய்ச்சி ஊத்தறயா?" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் இருந்த வேட்டியை எல்லாம் ஓடையில் போட்டுக் கஞ்சி போக அலசினேன். அந்த மழைக்காலம் முழுக்க இவர் துவண்ட வேட்டியோடுதான் பள்ளிக்கூடம் போனார். எனக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்தான்.

அலசிய வேட்டியில் பிடித்த மழைத்தண்ணீரில், அடுத்துக் கொண்டுவந்த செடி பிழைத்தது. புதிது புதிதாக இலை விட்டது. தினம் காலையில் எழுந்ததும் அதைத்தான் போய்ப் பார்ப்பேன். பார்க்கும்போதெல்லாம் வயிற்றுப் பிள்ளை தப்பிவிடும் என்று தைரியம் வரும்.

ஒரு நாள் இன்ஸ்பெக்டர் ஆட்கள் சுமந்த டோலியில் வந்து இறங்கினார். சட்டிக்கு முன்னால் குந்தி, கொசு ஒன்று ஒட்டிக்கொண்டதைப் பார்த்துக் கைதட்டிச் சிரித்தார். இதுதான் சமயமென்று இவர் மாற்றல் பேச்சை எடுத்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"இந்த மலைக்கு இப்படி ஒரு வாத்தியார் வாய்க்கிறது கஷ்டம். உங்களை நான் அனுப்புறதா இல்லை" என்றார் அவர்.

இவர் முகத்தில் சிரிப்பு. மெச்சிவிட்டார்களாம். உள்ளே வந்து அதை எனக்கு நல்ல சேதி மாதிரிச் சொன்னார். சட்டியைத் தூக்கி எறியக் கை துடித்தது.

"ஏனுங்க, நீங்க இருந்துக்கோங்க. என்னைய எங்கம்மா ஊட்டுல உட்டுருங்க" என்றேன்.

இவர் ஆள் பிடித்து டோலியில் அனுப்பிவைத்தார். பையன் கீழே, அம்மா வீட்டில், நல்லபடியாகப் பிறந்தான். அவன் தவழ ஆரம்பித்த பிறகுதான் ஒரு நாள் இவர் மலையிறங்கி வந்து கை நீட்டினார். யாரோ என்று பயந்து பிள்ளை வீறிட்டு அழுதது.