நல்லெண்ணெய் குடித்த சுவர்

என் அக்காள் புருஷனுக்கு மரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர் முகத்துக்கு நேராகவே இதைச் சொல்லியிருக்கிறேன்.

நாச்சியாபுரத்தில் என் வீடு முழு மரத்தடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியது. வெளிநாட்டில் பதினேழு வருடம் அந்த வேலைதான் செய்தேன். நம் வெயிலுக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை வெளிச்சுவரைக் கழுவி, காயவைத்து, உப்புத்தாளால் தேய்த்து, புதுப் பூச்சு அடிக்க வேண்டும். ஐப்பசி மழைக்குள் முடிக்காவிட்டால் தண்ணீர் வெடிப்புகளில் இறங்கி மரத்தைத் தின்றுவிடும்.

அந்தப் புரட்டாசியில் சுவர் முழுவதையும் தேய்த்து முடித்தேன். மரம் அன்றைக்கு அறுத்ததுபோல் வெளுத்து நின்றது. பூச்சு வாங்க மதுரைக்குப் போனேன். மறுநாள்தான் திரும்ப முடிந்தது. அக்காளை நாங்கள் லாத்தா என்போம். அவள் மகளுக்கு நிக்காஹ் என்பதால், வெளியூர் சம்பந்தி வீட்டாரை என் வீட்டில் தங்கவைக்கச் சம்மதித்திருந்தேன். அதுதான் நான் செய்த தப்பு.

திரும்பி வந்தபோது தெருமுனையிலேயே இட்லிப்பொடி வாசம் அடித்தது. சுவர் கறுத்து மினுங்கியது. ஏணியடியில் மச்சானும் இரண்டு ஆட்களும் காலி எண்ணெய் டின்களும்.

"என்ன மச்சான் செஞ்சு வச்சிருக்கீக?"

"வெளிறிப்போயி சீக்காளி மாதிரி நின்னுச்சு மாப்ளே. சம்பந்தக்காரங்க வர்ற நேரத்துல அப்புடியா விடுறது? செட்டியார் வீட்டுத் தூணெல்லாம் எப்புடி மின்னுது! எல்லாம் நல்லெண்ணெய்தான். செக்குல ஆட்டுனது."

"அந்தத் தூணு வீட்டுக்குள்ள நெழல்ல நிக்கிது. இது வெயில்லயும் மழையிலயும் நிக்கிது. இதுக்கு மேல எந்தப் பூச்சும் பிடிக்காது."

"பதினேழு வருசம் வெளிநாட்டுல இருந்தா எண்ணெயில தண்ணி ஒட்டாதுங்கிறதுகூட மறந்துபோகுமா?"

ஆட்கள் சிரித்தார்கள். நான் ஏணியைத் தள்ளிவிட்டேன். லாத்தா ஓடி வந்து, "கல்யாண வீட்டுல ஏன்டா கத்துறே? மரந்தானே!" என்றாள்.

இரண்டே நாளில் செம்மண் புழுதி சுவரெல்லாம் அப்பிக்கொண்டது. வந்திறங்கிய சம்பந்தி வீட்டு ஆண்கள் நாற்காலியைப் போட்டுச் சுவரில் சாய்ந்தார்கள். எழுந்தபோது வெள்ளைச் சட்டை முதுகுகளில் பழுப்புப் பட்டை. மச்சான் கூசாமல் சொன்னார்: "எம் மச்சினன் பெயிண்ட காயவைக்காம விட்டுட்டான். கோவிச்சுக்காதீக."

"பொய். எண்ணெய ஊத்துனது இவுகதான்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

விருந்தெல்லாம் ஓய்ந்த பிறகு நானும் என் மனைவியும் தின்னர் போட்டுத் துடைத்தோம். மெஷினில் மாட்டிய உப்புத்தாள் ஒரு சாண் போவதற்குள் பிசின் பிடித்து அடைத்தது. கழற்றி எறிந்துவிட்டு வேறு தாள் மாட்ட வேண்டியிருந்தது. மூன்று பக்கம் முடிந்தது. மேற்குச் சுவரில் பாதியில் நிற்கும்போது மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் இறங்காமலிருக்கத் தடிகளின் இடுக்கில் புதிதாக அடைத்த பசை எண்ணெயில் ஒட்டாமல் வாழைநார் மாதிரி உரிந்து தொங்கியது. தார்ப்பாய் கட்டினோம். காற்று அதைக் கிழித்தது.

அடுத்த கோடையில் அந்தப் பக்கத்து அடித்தடிகளை அழுத்திப் பார்த்தேன். விரல் உள்ளே போனது. ஈரம் குடித்த மரத்துக்குக் கரையான் வந்திருந்தது. இரண்டு தடிகளை அறுத்து எடுத்தோம். புதிதாகச் செருகிய தடிகளின் நிறம் மற்றவற்றோடு இன்றுவரை சேரவில்லை. பார்க்கிறவர்கள் ஏன் என்று கேட்கிறார்கள். யார் செய்தது, எதைக் கொண்டு செய்தது என்று முழுதாகச் சொல்கிறேன். "ஊரெல்லாம் சொல்லி அவுக மானத்த வாங்காதடா" என்று லாத்தா அழுகிறாள். மச்சான் இன்றுவரை தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் சொல்கிறவரை நான் நிறுத்தப்போவதில்லை.