கெட்செலின் காய்ந்த மட்சா

"நனைஞ்ச மட்சா என் வாய்க்குள்ள போச்சுன்னா, அன்னைக்கு எருசலேம்ல கெட்செல்னு ஒருத்தன் இல்லைன்னு அர்த்தம்!"

ஜெபக்கூடத்து மேசையைத் தட்டி இதைச் சொன்னார் கெட்செல். புளிப்பில்லாத மட்சா அப்பத்துக்குள் துளி மாவு ஒளிந்திருந்து, ஈரம் பட்டுப் புளித்துவிட்டால்? பஸ்கா பண்டிகையில் புளித்தது ஆகாது; அந்தப் பயத்தில் பண்டிகை முழுவதும் மட்சாவை நனைக்காமல் தின்பது அவர் வம்சத்து வழக்கம். மற்றவர்களுக்குப் பண்டிகையோடு பயமும் முடிந்துவிடும். கெட்செலுக்கு வருடம் பூராவும் பயம். கடவுள் விதிக்க மறந்த கண்டிப்பை அவர் சார்பில் இவரே விதித்துக்கொண்டார்.

தம்பி ஃபைவிஷின் மாமனார் வீட்டில் மட்சாவைச் சூப்பில் ஊறவைத்துத் தின்பார்கள். ஒரு பஸ்கா விருந்தில், பசித்தவரெல்லாம் வந்து உண்ணட்டும் என்று கெட்செல் ராகம் போட்டு ஓதிய அதே மேசையில், தம்பி தன் துண்டைச் சூப்பில் தோய்த்துவிட்டான்.

"எந்திரிடா!"

"அண்ணா, ஒரு துண்டுதானே..."

"அப்பா உக்காந்த மேசைடா இது. வெளிய போ!"

பசித்தவன் வெளியே போனான்.

பிணத்தைத் தொட்டதாலோ தூரப் பயணத்தாலோ பஸ்காவைத் தவறவிட்டவர்களுக்கு, ஒரு மாதம் கழித்து வேதம் இரண்டாம் பஸ்காவைக் கொடுத்திருக்கிறது. அந்தக் காலத்து ஆட்டுப் பலியெல்லாம் இப்போது ஏது? எடுத்துவைத்த மட்சாவில் ஒரு துண்டு தின்றால் போதும். தவறியதைச் சரிசெய்ய இன்னும் நேரமிருக்கிறது என்பதுதான் அந்த நாளின் பொருள். அதை நம்பி, ஃபைவிஷ் வருடம் தவறாமல் அன்று ஒரு மட்சாவைத் துணியில் சுற்றிவந்து அண்ணன் கதவைத் தட்டுவான்.

"காஞ்சதுதான் அண்ணா. தொட்டுப் பாருங்க."

"உன் கை ஈரமா இருக்கும்," என்பார் கெட்செல், கதவைத் திறக்காமலே.

இந்த வருடம் கதவு தட்டப்படவில்லை. முந்தின நாள்தான் ஃபைவிஷை அடக்கம் செய்திருந்தார்கள். இறந்தவர் வீட்டில் கூடப்பிறந்தவர் தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து துக்கம் காப்பது வழக்கம். வழக்கத்தை மீறுகிறவரா கெட்செல்? தம்பி இருந்தவரை மிதிக்காத படியை மிதித்தார்.

தம்பி மனைவி ரைசல் துணிப் பொட்டலத்தை நீட்டினாள்.

"உங்களுக்குன்னு எடுத்து வெச்சிருந்தார், அத்தான். இந்த வருஷம் அண்ணன் தெறந்துடுவார்னாரு."

"எப்பவும் அப்படித்தான் சொல்வானோ?"

"வருஷா வருஷம்."

கெட்செல் கடித்துப் பார்த்தார். பற்கள் குளிர்காலத்திலேயே விடைபெற்றிருந்தன. போன மாதப் பஸ்காவுக்கு அவர் மட்சாவை உரலில் இடித்துப் பொடியாக விழுங்கிய பெருமை தெருவுக்கே தெரியும்.

"உரல் எங்க வீட்ல இல்லை," என்றாள் ரைசல். "நாங்க நனைச்சுத் திங்கறவங்க."

பக்கத்து வீட்டார் கொண்டுவந்த சூப் ஆறிக்கொண்டிருந்தது. கெட்செல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தம்பியின் மட்சாவில் ஒரு துண்டை ஒடித்துச் சூப்பில் தோய்த்தார். நன்றாக ஊறும்வரை விரலால் பிடித்திருந்தார். பிறகு வாயில் வைத்துக்கொண்டார்.