மணல்தீவும் மூன்று ஜோடிச் செருப்பும்

இன்று செய்யூர் பக்கம் உப்பங்கழியில் படகு ஏறினோம். நான், கணவர், ஆறு வயது மகள்.

நடுவிலிருந்த மணல்தீவில் எங்களை இறக்கிவிட்ட படகுக்காரர், "லைஃப் ஜாக்கெட்ட குடுங்கக்கா, அடுத்த ட்ரிப்புக்கு வோணும்" என்றார். மகளுடையதை மட்டும் நான் கொடுக்கவில்லை.

அரை மணி நேரத்தில் வந்து அழைத்துப் போவதாகப் பேச்சு. அரை மணி தாண்டியும் படகு வரவில்லை. போனில் சிக்னலும் இல்லை.

தண்ணீர் ஏறி, நாங்கள் கழற்றிப் போட்ட செருப்பைத் தொட்டது. மேலே தள்ளி வைத்தேன். மறுபடியும் தொட்டது.

"ஏங்க, தண்ணி ஏறிகினே வருது!"

"அவரு வந்துடுவாருடி. நீ சும்மா ஒக்காரு" என்றார் கணவர், கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டே.

மூன்றாவது முறை செருப்பை நகர்த்தும்போது படகுச் சத்தம் கேட்டது.

"ஏண்ணா இவ்ளோ லேட்டு?" என்று கத்தியேவிட்டேன்.

"இன்னாக்கா, அண்ணன்தான் ஒரு மணி நேரம் கழிச்சி வரச் சொன்னாரு!"

திரும்பிக் கணவரைப் பார்த்தேன்.

"நீ ஒரு எடத்துல ஒரு மணி நேரம் ஒக்காந்து எத்தினி நாளாவுது?" என்றார் மெதுவாக.

நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த ஒரு மணி நேரமும் நான் உட்காரவே இல்லை.

இப்படி ஓய்வு கொடுக்கும் கணவர் வேறு யார் வீட்டில் இருக்கிறார்?