உப்பில்லாக் கஞ்சி

மகள் உடம்பு இளைக்கவென்று வாங்கிய டீத்தூள் பொட்டலத்தைப் பிரித்தாள். நிலாவாரை இலை. அந்தக் காய்ந்த வாசனை பட்டதும் என் நாக்கு உலர்ந்தது.

மரக்காணத்தில் கோடை லீவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குப் பேதிக்குக் கொடுப்பார்கள். அம்மா நிலாவாரையையும் கடுக்காயையும் கொதிக்கவைத்து வெல்லம் போட்டு, ஆளுக்கு அரை டம்ளர் ஊற்றுவாள். வயிறு சுத்தமாகும், நன்றாகப் பசிக்கும். எனக்கு நாலு தடவையில் நின்றுவிடும். அந்த வருஷம் தம்பிக்கு உடனே போகவில்லை. அம்மா இன்னொரு அரை டம்ளர் கொடுத்தாள். அவனுக்கு ஆறு வயது. அப்புறம் நிற்கவேயில்லை.

மத்தியானம் கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்பு போடும்மா" என்றான்.

"பேதிக்குக் குடிச்ச அன்னிக்கு உப்பு ஆவாதுடா கண்ணு. நாளைக்குப் போட்டுத் தர்றேன்."

வாசலுக்கு எதிரே உப்பளம். பனையோலை போட்டு மூடிய உப்புக் குவியல்கள் வரிசையாக நின்றன.

சாயந்திரம் அவன் கண் உள்ளே போய்விட்டது. அளத்திலிருந்து ஓடிவந்த அப்பா அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார். அங்கே எல்லாம் முடிந்தபின் நர்ஸம்மா கேட்டார்:

"தண்ணில கொஞ்சம் உப்பும் சக்கரையும் கரைச்சிக் குடுத்துனே இருந்திருந்தா பொழச்சிருப்பானே. உங்க ஊர்ல உப்புக்கா பஞ்சம்?"

 அப்பாவின் காலில் உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

மகளிடமிருந்து பொட்டலத்தை வாங்கி மடித்தேன். உள்ளே அம்மா கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். அவள் கஞ்சியில் உப்புப் போடுவதில்லை. பிரஷருக்காக என்று மகள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.