ஆத்தா பெயரில் அவல்

போடியில் கடைக்குப் பெயர் வைப்பதில் குழப்பமே கிடையாது. அவரவர் குலதெய்வம்தான். கம்பு அவலில் ஏலக்காயும் நாட்டுச்சர்க்கரையும் கலந்து காலைச் சாப்பாடாக விற்கப்போகிறேன் என்றதும் என் வீட்டுக்காரர் யோசிக்கவே இல்லை. "ஆத்தா பேரத்தான் வைக்கணும். வேற பேரு வச்சா அவ சும்மா விடமாட்டா." ஆத்தா படமும் கவரில் ஏறியது.

நான் மனதில் வைத்திருந்தது ஜீப்பில் மலையேறுகிற பெண்களை. விடியுமுன் எஸ்டேட்டுக்குக் கிளம்புகிறவர்களுக்கு அடுப்பு பற்றவைக்க ஏது நேரம்? இதைப் பாலில் போட்டும் தின்னலாம், வெறுமனேயும் மெல்லலாம். ஜீப் ஸ்டாண்டில் நானே நின்று விற்றேன். ஆளுக்கொன்று வாங்கினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதன்பிறகு ஒருத்தியும் இரண்டாவது பாக்கெட் கேட்கவில்லை. ருசி சரியில்லையோ என்று தூக்கமே போயிற்று. ராசிங்காபுரத்துக்காரி ஒருத்தியைப் பிடித்து நிறுத்தினேன்.

"எப்படித்தா இருந்துச்சு?"

"இன்னும் பிரிக்கலக்கா. சாமி படத்துக்கிட்ட வச்சிருக்கேன்."

"அடி கிறுக்கி, திங்கத்தான குடுத்தேன்!"

"ஆத்தா மூஞ்சியக் கிழிச்சா வெளங்குமா? குளிக்காம வேற எப்படித் திங்கிறது? சோலி முடிஞ்சு சாயங்காலம் வந்துதான நாங்க குளிப்போம். வெள்ளிக்கெழம குங்குமம் வச்சுக் கும்புடுறேங்க்கா."

பக்கத்தில் நின்றவள், வீட்டில் கறி எடுத்ததால் பாக்கெட்டை அடுத்த வீட்டில் கொடுத்துவைத்திருப்பதாகச் சொன்னாள்.

வந்த ஆத்திரத்தில் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன். "பேரு வச்சீங்களே பேரு! நீங்களாவது அதத் தின்னு பாத்தீங்களா?"

பத்து மணிக்குமுன் குளித்தறியாத மனுஷன். "குளிச்சிட்டுத் திங்கலாம்னுதான்..." என்று இழுத்தார். அத்தனை நாளும் காலையில் டீக்கடை பன்னைத் தின்றிருக்கிறார்!

அடுத்த தடவை நான் யாரையும் கேட்கவில்லை. "வெரசா ஏறுங்க, வெரசா!" என்று தினமும் ஜீப் டிரைவர் தொண்டை கிழியக் கத்துவாரே, அதையே பெயராக வைத்தேன். வெரசா. படம் கிடையாது. சென்னையிலிருந்து வந்த கொழுந்தன் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத்தாலிப் பேரா மதினி?" என்றான். "ஆமாப்பா, நம்ம தேவாரம் ஊருக்குப் பக்கத்துல இருக்கிற இத்தாலி" என்றேன். வீட்டுக்காரர் எலுமிச்சம்பழ மாலையோடு கோயிலுக்கு ஓடி ஆத்தாவைச் சமாதானப்படுத்திவிட்டு வந்தார்.

விற்ற மறுநாள் காலை, ஜீப்புகள் கிளம்பியபின் இருவரும் ஸ்டாண்டுக்குப் போனோம். புழுதியில் என் கவர் கிடந்தது. வாய் கிழிந்து, உள்ளே ஒரு பொட்டு அவல் இல்லாமல், மேலே டயர் தடத்தோடு. இன்னொன்றை நாய் நக்கிக்கொண்டிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட எனக்கு வந்ததில்லை என்று வீட்டுக்காரரிடமே சொல்லிவிட்டேன்.