‘வந்துட்டேன்’ மாட்டிய சிக்னல் பெட்டி

என் தம்பிக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அது அவனுடைய அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவன் ‘வந்துட்டேன்’. எப்போது போன் செய்து “எங்கடா இருக்க?” என்று கேட்டாலும் “வந்துட்டேன், வந்துட்டேன்” என்பான். பின்னால் பக்கெட்டில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். “அது என்னடா சத்தம்?” என்றால் “மழைக்கா” என்பான். இங்கே எனக்கு வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும்.

கெட்டவன் இல்லை. யாரையும் ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணம் துளிகூடக் கிடையாது. காத்திருக்கிறவர்கள் மனம் வாடக் கூடாதாம், அதற்காகச் சொல்கிறானாம். இந்தக் கருணைக்கு மட்டும் குறைச்சலே இல்லை.

கட்டடங்களில் கூரையோடு கூரையாக ஒட்டிக்கொண்டிருக்குமே வெள்ளை வைஃபை பெட்டி, அதை மாட்டுவதுதான் அவன் தொழில். வகிடு எடுத்த மாதிரி கேபிளை நேராக இழுத்துக் கட்டுவான். துளை போடும்போது உதிர்ந்த தூளைத் தானே பெருக்கி அள்ளிவிட்டுத்தான் ஏணியை மடக்குவான். வந்து சேர்ந்துவிட்டால் அவன் தங்கம். வந்து சேர்வதில்தான் எல்லாச் சிக்கலும்.

நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்கள் ஆஸ்பத்திரியின் பேஸ்மென்ட்டில் ரத்தப் பரிசோதனை லேப் இருக்கிறது. அங்கே ஒரு பெண் வேலை செய்கிறாள். முப்பது தாண்டியும் எங்களுக்கு அவள் ‘லேப் பொண்ணு’தான். யாருடைய ரத்தத்திலாவது ஏதாவது தாறுமாறாக இருந்தால் அவள் உடனே டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். டாக்டர் வார்டில் இருந்தால் இன்டர்காம் போதும். வீட்டிலோ காரிலோ இருந்தால் செல்போன்தான். பேஸ்மென்ட்டில் செல்போன் சிக்னல் ஒரு கோடுகூட வராது. வைஃபை இருக்கிறதே என்பீர்கள். அது ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்களுக்கு மட்டும். எங்கள் போனெல்லாம் அதில் ஏறாது.

ஆகவே அவள் ரிசல்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு படிக்கட்டுத் திருப்பத்துக்கு ஓடுவாள். அங்கே ஒரு ஜன்னல் உண்டு. கீழே வேலை செய்கிற அத்தனை பேரும் போன் பேச அங்கேதான் வருவார்கள். இவளுக்கு அவசரம் என்று தெரிந்து, மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும் கேஷியர் “கொஞ்சம் இரு, அப்புறம் திட்டறேன்” என்று போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு இடம் கொடுப்பார். யார் வீட்டில் என்ன தகராறு என்று தெரிய வேண்டுமானால் அந்தத் திருப்பத்தில் நின்றால் போதும். நானும் மூச்சு வாங்கும் சாக்கில் அங்கே நிற்பேன்.

அவளுடைய சுறுசுறுப்பைப் பார்த்துத்தான் என் தம்பிக்குப் பேசினேன். இருவரும் பார்த்துப் பேசினார்கள், பிடித்திருந்தது. அடுத்து அவளுடைய அப்பாவைப் பார்க்க வேண்டும். அந்த நாளில் இந்தக் கடன்காரன் என்ன செய்தான் தெரியுமா? அப்பா போன் செய்ததற்கு “வந்துட்டேன் மாமா, கேட்டுக்கிட்ட நிக்கறேன்” என்றான். மனிதர் இஸ்திரி போட்ட சட்டையோடு வரவேற்க வாசலுக்குப் போய்விட்டார். கேட்டில் ஒரு பூனைதான் நின்றது. அவர் ஒரு மணி நேரம் வெயிலில் காய்ந்த பிறகு இவன் சிரித்துக்கொண்டே போய் இறங்கினான். அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. முன்பே போய் அவர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்த எனக்குப் பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது.

மறுநாள் லேப் பொண்ணு என்னிடம் வந்தாள். “அக்கா, எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு. அப்பாவைக்கூடச் சமாதானம் பண்ணிடுவேன். ஆனா எங்க இருக்கேன்னு உண்மையாச் சொல்லத் தெரியாதவரை நம்பி எப்படி இருக்கறது? இந்த வாரக் கடைசியில சொல்றேன்.”

அவள் கேட்டதில் என்ன தப்பு? அன்று இரவுச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. நல்ல பெண்ணை ஒரு வார்த்தைக்காக இழக்கப் போகிறானே என்று அழுகையே வந்துவிட்டது.

அந்த வாரக் கடைசியில்தான் பேஸ்மென்ட்டுக்குச் சிக்னல் கொண்டுவரும் வேலை அவனுடைய கம்பெனிக்கு வந்தது. புதுப் பெட்டி தேவையில்லை. ஏற்கெனவே இருக்கும் வைஃபை பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சின்ன சிக்னல் மாட்யூலைச் சொருகிவிட்டால் அதுவே குட்டி டவராக வேலை செய்யுமாம். முதல் நாள் சாயங்காலம் எனக்குப் போன் செய்தான். “அக்கா, ஆஸ்பத்திரிக்கு வந்தேன், லேபைப் பார்த்தேன், பெட்டி இருக்கற இடத்தையும் கம்பெனி கம்ப்யூட்டர்ல பதிஞ்சிட்டேன். நாளைக்கு மாட்ட வேண்டியதுதான் பாக்கி.” எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சொன்ன நேரத்தில் ஒரு வேலை செய்திருக்கிறானே!

அந்த மகிழ்ச்சி மறுநாள் காலைவரைதான். “எங்கடா?” என்று கேட்டேன். “வந்துட்டேன்க்கா, உங்க லிஃப்ட்லதான் ஏறிட்டிருக்கேன்” என்றான். நான் அந்த லிஃப்ட்டுக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். ‘பழுது’ என்று அட்டை தொங்கியது.

ஒருவழியாக வந்து ஏணியைப் போட்டான். லேப் பொண்ணு அண்ணாந்து பார்த்தாள்.

“நேத்து சாயங்காலம் வந்தீங்களாமே, அக்கா சொன்னாங்க. நான் இங்கதான் இருந்தேன். பார்க்கலையே?”

“நீங்க வேலையா இருந்தீங்க. தொந்தரவு பண்ண வேண்டாம்னு சத்தமில்லாம போயிட்டேன்” என்றான் ஏணி மேலிருந்து.

என்ன பணிவு பார்த்தாயா என்பது போல அவளைப் பார்த்தேன். அவளும் லேசாகச் சிரித்தாள்.

அவன் பெட்டியைக் கூரையிலிருந்து கழற்றினான், பக்கவாட்டு மூடியை எடுத்தான், மாட்யூலை உள்ளே தள்ளி இரண்டு திருகாணிகளையும் விரலாலேயே இறுக்கினான். கேபிளைச் சொருகியதும் ஆரஞ்சு விளக்கு மினுக்கியது. பச்சையாக மாறினால் சிக்னல் வந்துவிட்டதென்று அர்த்தமாம். மாறவில்லை. கழற்றி மாட்டினான். ஊதினான். தட்டினான். ஆரஞ்சுதான்.

கம்பெனி சூப்பர்வைசரைக் கேட்கலாம் என்று பெட்டியும் கையுமாகப் படிக்கட்டுத் திருப்பத்துக்குப் போனான். நாங்களும் போனோம். இரண்டு கையிலும் பெட்டி இருந்ததால் போனை ஜன்னல் திட்டில் வைத்து ஸ்பீக்கரில் போட்டான். கேஷியர் வழக்கம்போல அங்கே நின்று போனில் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

“ஆரஞ்சு விளக்கா?” என்றது சூப்பர்வைசரின் குரல். “அந்த மாட்யூல் தான் எங்க இருக்கோம்னு தெரியாம சிக்னல் விடாதுப்பா. வானம் தெரியற இடத்துல ஒரு தடவை வச்சா அதுவே கண்டுபிடிச்சுக்கும். நாம பதிஞ்ச இடமும் அது கண்டுபிடிச்ச இடமும் ஒத்துப்போகணும். இரு, பார்க்கறேன்... எந்த இடத்துல பதிஞ்ச?”

“இங்கதான் சார். ஆஸ்பத்திரி.”

“ஆஸ்பத்திரியா? இங்க வேற இடம்ல காட்டுது. பேக்கரிக்குப் பின்னாடி, மூணாவது தெரு. தம்பி, இது உன் வீடு இல்ல?”

கேஷியர்கூடத் தன் சண்டையை நிறுத்தினார்.

“நேத்து சாயங்காலம் ‘ஆஸ்பத்திரியிலதான் சார் நிக்கறேன், பதியறேன்’னு என்கிட்டயும் சொன்னியே! கட்டில்ல படுத்துக்கிட்டே ‘நான் இருக்கும் இடம்’ பட்டனை அமுக்கிட்டியா? பெட்டி எப்படிப்பா வேலை செய்யும்? அது இருக்கறது ஆஸ்பத்திரியில, நீ வீட்டுல இருக்குன்னு சொல்லி வச்சிருக்க!”

என் தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. கையும் களவுமாகப் பிடிபட்டுத் திருதிருவென்று முழித்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் பெட்டியைப் பிடுங்கி அவன் தலையிலேயே மாட்டியிருப்பேன். லேப் பொண்ணு அவனைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

“இப்ப என்ன செய்யணும் சார்?” என்று அவள்தான் போனைப் பார்த்துக் கேட்டாள்.

“சரியான இடத்தை நான் இங்க மாத்தறேன்மா. நீங்க பெட்டிக்குக் கொஞ்சம் வானத்தைக் காட்டுங்க.”

பெட்டிக்குக் கரன்ட்டும் அந்தக் கேபிளிலேயே வருவதால், நீளமான கேபிள் ஒன்றை லேபிலிருந்து இழுக்க வேண்டியிருந்தது. யார் காலும் இடறாமல் இருக்க அவளும் நானும் அதைப் படிகளில் தூக்கிப் பிடித்தோம். அவன் ஜன்னல் கம்பியோடு பெட்டியை ஏந்திக்கொண்டு நின்றான். போன் பேச வந்தவர்களெல்லாம் பேச்சை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவன் பெட்டியை இறக்கவே இல்லை. “மாத்திப் பிடிக்கட்டுமா?” என்று கேஷியர் கேட்டதற்கும் தலையை ஆட்டி மறுத்துவிட்டான். வெகுநேரம் கழித்துப் பச்சை விளக்கு எரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அவன் மட்டும் தலையைத் தூக்கவில்லை.

கீழே வந்து பெட்டியைக் கூரையில் மாட்டினான். தரையைப் பெருக்கினான். கேபிளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, “வேன்ல வச்சிட்டு வந்துடறேன்” என்று போனவன் போனவன்தான்.

லேப் பொண்ணு தன் போனை எடுத்துப் பார்த்தாள். நான்கு கோடுகள் நின்றன. நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவனைக் கூப்பிட்டாள், ஸ்பீக்கரில்.

“எங்க இருக்கீங்க?”

“வந்துட்...” என்று தொடங்கி நின்றான். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“இல்ல, வரல. கேன்டீன்ல இருக்கேன். வேன்கிட்ட போகவே இல்ல. உங்க முகத்தைப் பார்க்கப் பயமா இருக்கு, அதான் உட்கார்ந்துட்டேன். எப்ப வருவேன்னு தெரியல.”

அவள் கண் கலங்கியிருந்தது.

“சரி, நிஜமா எப்ப கிளம்பறீங்களோ அப்ப கிளம்புங்க. நான் லேப்லதான் இருப்பேன்” என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். “அக்கா, அப்பாகிட்ட நானே பேசிடறேன். எனக்குச் சம்மதம்.”

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்போது என் பையில் போன் அடித்தது. இத்தனை வருடத்தில் பேஸ்மென்ட்டில் என் போன் அடிப்பது அதுதான் முதல் தடவை. என் கணவர்.

“ட்யூட்டி எப்பவோ முடிஞ்சிருக்குமே, எங்க இருக்க?”

“வந்துட்டேங்க, பஸ் ஏறிட்டேன்” என்றேன்.

லேப் பொண்ணு என்னையே பார்த்தாள். நான் பிடித்திருந்த அவள் கை மெல்லத் தளர்ந்தது.

“ஏன்க்கா, இது உங்க குடும்பத்துக்கே இருக்கற வியாதியா?”

நான் அவசரமாகப் போனை மறுபடி காதில் வைத்தேன். “என்னங்க, இன்னும் கிளம்பவே இல்ல. லேப்ல நிக்கறேன். பசிச்சா நீங்களே சாதம் வச்சுச் சாப்பிடுங்க” என்று கத்திவிட்டு, அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.