குடிபோன வீட்டில் மேஸ்திரிக்கு என்ன வேலை?

மூளையில் ஆராய்ச்சி செய்பவருக்கு மூளை இருக்கிறதா என்று ஊரே சந்தேகப்படும், அதுதான் எங்கள் தொழிலின் தலையெழுத்து. அதே எழுத்தோடு பிறந்த சக துன்பவாசிகளே, என் கதையையும் கேளுங்கள்.

அப்பாவின் கேள்வி

எங்கள் வீடு மீஞ்சூரில். அப்பா கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி கம்பெனியில் ஃபிட்டர். "நீ இன்னாதான் பண்ற?" என்று ஒருநாள் கேட்டார். சொன்னேன். கருவில் மூளை உருவாகும்போது, நரம்புகளுக்கு "இப்படித் திரும்பு, அந்தப் பக்கம் போகாதே" என்று வழிகாட்டச் சில புரதங்கள் உண்டு. வளர்ந்து ஆளான பிறகும் அவை கிளம்புவதில்லை. இரண்டு நரம்புகள் சந்திக்கும் இடத்தில் இருந்துகொண்டு, ஒன்று சொல்வது மற்றதற்கு எவ்வளவு பலமாகக் கேட்க வேண்டும் என்பதில் தலையிடுகின்றன. அதைத்தான் நான் ஆராய்கிறேன்.

அப்பா நிதானமாகக் கேட்டார்: "ஊடு கட்டி குடியும் போயாச்சு. இன்னும் அந்த மேஸ்திரிக்கு அங்க இன்னா வேல?"

எலியும் மாப்பிள்ளை வீட்டாரும்

எலி மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டி உப்புக் கரைசலில் போட்டு, ஆக்சிஜன் விட்டுக்கொண்டே இருந்தால் சில மணி நேரம் உயிரோடு இருக்கும். நடுவில் எழுந்து போனால் அன்றைய வேலை போச்சு. அப்படி ஒரு நாள் பார்த்து செவ்வாப்பேட்டையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்துவிட்டார்கள். நான் போகவில்லை. வருத்தமும் இல்லை, இன்றைக்கும் போக மாட்டேன்.

சாயங்காலம் அம்மா போன் செய்தாள்: "பொண்ணு எங்கன்னு கேட்டாங்க. எலி மூளய உயிரோட வெச்சிக்கினு குந்தினுகீறான்னு சொன்னேன். டீயக் கூட தொடாம பூட்டாங்க."

பெரிய சார்

புரதத்தைத் தடுத்தால் நரம்புச் சந்திப்பில் சிக்னல் வலுக்கவில்லை. புரதத்தை ஊற்றினால் வலுத்தது. இதை ஆய்வுக் குழுவின் பெரிய சாரிடம் காட்டினேன். அப்பா கேட்ட அதே கேள்வியை அவர் இங்கிலீஷில் கேட்டார். அவர் கையெழுத்துப் போட்டால் ஆராய்ச்சியைத் தொடர இன்னும் ஒரு வருஷம் கிடைக்கும். போடாவிட்டால் மூன்று வருஷ உழைப்பு குப்பைக்கு. எனக்குக் கோபம் தலைக்கேறியது. "கண்ணால பாத்தத பாக்கலன்னு சொல்ல மாட்டேன் சார்" என்றேன்.

அவர் சிரித்தார்: "ரொம்ப ஆசப்பட்டா, கண்ணுக்கு எல்லாமே தெரியும்மா."

சிவப்பு மூடி, நீல மூடி

எங்கள் தொழிலில் சந்தேகம் வந்தால் ஒரு வழக்கம். எதில் என்ன இருக்கிறது என்று செய்பவருக்குச் சொல்லாமல் கொடுத்துவிடுவார்கள். பெரிய சார் இரண்டு பாட்டில் கொடுத்தார், ஒன்று சிவப்பு மூடி, ஒன்று நீல மூடி. "எதுல புரதம்னு நீயே சொல்லு" என்றார்.

இரண்டையும் மாற்றி மாற்றி ஊற்றிப் பார்த்தேன். எதிலும் வலுக்கவில்லை. சீவல்தான் செத்துவிட்டதோ என்று அதே சீவல்களில் எங்கள் புரதத்தை ஊற்றினேன். உடனே வலுத்தது. அப்படியென்றால் குறை பாட்டிலில்தான். ஆனால் அதைப் போய்ச் சொன்னால், "உன் புரதம் வேலை செய்யவில்லை" என்று கதையை முடித்துவிடுவாரே!

லேபில் என்னோடு இருக்கும் தேவி, ஆர்.கே.பேட்டைக்காரி, தலையில் அடித்துக்கொண்டாள்: "ஏதோ ஒரு மூடியச் சொல்லித் தொலடி. பாதிக்குப் பாதி சான்ஸ் கீது. ரெண்டுலயும் இல்லன்னு சொன்னியோ, எல்லாமே பேஜாராயிடும்."

தீர்ப்பு

குழுவின் முன் நின்றேன். "சார், ரெண்டு பாட்டில்லயும் புரதம் இல்ல." வாசலில் நின்ற தேவி கண்ணை மூடிக்கொண்டாள். பெரிய சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மற்றவர்களைப் பார்த்தார்.

"ரெண்டுலயும் வெறும் உப்புத் தண்ணிதான் ஊத்திக் குடுத்தேன். இல்லாதத இல்லன்னு சொன்ன பொண்ணு, இருக்குன்னு சொன்னா இருக்கும். ஒரு வருஷம் குடுங்க."

ஆக, குடிபோன வீட்டில் மேஸ்திரியும் இருக்கிறார், லேபில் நானும் இருக்கிறேன், யார் வந்து கேட்டாலும் நாங்கள் காலி செய்வதாக இல்லை.